அந்தக் கிளைகள் எங்கிருந்து முளைத்தன?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியினரே, வணக்கம். வணக்கத்துக்கும் கடிகாரம் ஓடுகிறது, அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

'கார்ட்டூன் காலத்தை வெல்வது கைத்திறனாலா, மனத்தாலா?' என்பது தலைப்பு. மனத்தால்தான் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய நண்பர், 1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' படத்தைக் கையில் எடுத்தார். "குச்சியாக நின்ற மரம், பிள்ளைகள் நாலு முறை கையை ஆட்டியதும் அடர்ந்துவிடுகிறதே, அந்தக் கிளைகள் எங்கிருந்து முளைத்தன? இதுவா நேர்த்தி?" என்று கேலி செய்தார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய முகங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்!

கிளைகளுக்கு வருகிறேன். அதற்கு முன் அந்தப் படம் விலைபோன கதையைக் கேளுங்கள். கோகோ கோலா நிறுவனத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி தேவைப்பட்டது. தயாரிப்பாளர் லீ மெண்டல்சனுக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது: ஏதாவது கைவசம் உண்டா? "ஓ, உண்டே!" என்கிறார். என்ன இருந்தது கைவசம்? ஒன்றுமே இல்லை! உடனே, சார்லி பிரவுன் என்ற சிறுவனை நாயகனாக்கிச் சித்திரக்கதை வரைந்துவந்த ஓவியர் சார்லஸ் ஷுல்ஸை அழைத்து, "சார்லி பிரவுன் கிறிஸ்துமஸை விற்றுவிட்டேன்" என்கிறார். "அது என்ன?" என்று கேட்கிறார் ஷுல்ஸ். "நாளைக்கு நீங்கள் எழுதப்போகிறீர்களே, அதுதான்!"

பெண் பிறப்பதற்கு முன்பே நிச்சயதார்த்தத்தை முடித்த தரகரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவர்தான் மெண்டல்சன். பின்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கவில்லை, அவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். வாங்க ஆள் வந்துவிட்டார், விலை பேசியாயிற்று, சரக்கு மட்டும் இல்லை! எழுதப்போகிறவரே "அது என்ன?" என்று கேட்கிறார்! எதிரணி நண்பரே, உங்கள் திட்டமிட்ட கைத்திறன் அந்த நேரத்தில் எந்த ஊருக்குப் போயிருந்தது?

கதைச்சுருக்கம் ஒரே நாளில் எழுதப்பட்டது. படத்துக்குக் கிடைத்தது ஆறு மாதம். பெரியவர்கள் குழந்தைக் குரலில் பேசிய காலத்தில் இவர்கள் உண்மையான பிள்ளைகளைப் பேச வைத்தார்கள். சார்லி பிரவுனின் தங்கை ஸாலிக்குக் குரல் கொடுத்த சிறுமிக்கு வாசிக்கவே தெரியாது. துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்து, பதிவு செய்து, ஒட்டினார்கள். அந்தத் திக்கல் இன்றும் படத்தில் கேட்கும். நண்பர் அதைக் கேலி செய்ய மறந்துவிட்டார், அடுத்த மேடைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

படத்தைப் பார்த்த சிபிஎஸ் அதிகாரிகளின் முகம் சுண்டிப்போயிற்று. மெதுவாக ஓடுகிறதாம். வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் இசை பொருந்தவில்லையாம். பின்னணிச் சிரிப்பொலியோ கிடையாது, ஷுல்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். சார்லி பிரவுனைக் கெடுத்துவிட்டோமோ என்று இயக்குநர் பில் மெலெண்டஸே கலங்கினார். நாள் குறித்தாகிவிட்டதால் ஒளிபரப்பினார்கள். அன்றிரவு அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஏறக்குறைய பாதி இந்தப் படத்தைத்தான் காட்டின. பின்னால் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் வந்தது. அவ்வளவு பேரில் ஒருவராவது கிளைகளை எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்?

ஐயா, படத்தில் வரும் அந்தப் பையன் சார்லி பிரவுனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊரே வாழ்த்து அனுப்பும் நாளில் அவனுடைய தபால் பெட்டி காலியாக இருக்கிறது. எல்லாரும் மகிழும்போது தனக்கு மட்டும் ஏன் மகிழ்ச்சி வரவில்லை என்று அவனுக்கே புரியவில்லை. யாரும் சீண்டாத கிறிஸ்துமஸ் மரத்தைத் தேடி எடுத்துவருகிறான். கூடியிருந்த பிள்ளைகள் மரத்தையும் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவனையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரே ஓர் அலங்கார உருண்டையை மாட்டுகிறான், மரம் தலைகுனிந்துவிடுகிறது. கொன்றுவிட்டேன் என்று நொந்து போய்விடுகிறான். நம் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும், நடுவர் அவர்களே. பள்ளிவிழாப் படத்தில் ஓரத்தில் நிற்கும்.

அப்போதுதான் அவன் நண்பன் லைனஸ் வருகிறான். கைவிடாமல் கட்டிக்கொண்டு திரிகிறானே ஒரு போர்வை, அதை எடுத்து அந்த மரத்தின் அடியில் சுற்றுகிறான்.

கிளைகள் அந்தப் போர்வையிலிருந்து முளைத்தன, நண்பரே! தாவரவியல் ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ள வேண்டாம். சிரித்த அதே பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார்கள், எனக்கு அது போதும்.

மணி அடித்துவிட்டீர்கள். எதிரணி நண்பர் மீண்டும் பேச எழுந்தால் மிச்சக் கிளைகளையும் எண்ணிச் சொல்லட்டும். நன்றி, அமர்கிறேன்.