கண்ணை மூடினால் கரண்ட் பில்தான் தெரிகிறது

நடுவர் அவர்களே, வெயிலுக்குப் பயந்து மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் அவையோரே, வணக்கம்.

'மன அமைதி கிடைப்பது அறைக்குள்ளா, மரத்தடியிலா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, ஏசியைப் போடு, காதில் ஹெட்போனை மாட்டு, செயலியில் பத்து நிமிடம் தியானம் செய், வேலை முடிந்தது என்றார். நானும் செய்து பார்த்தவன்தான் தம்பி. கண்ணை மூடினேன், கரண்ட் பில் கட்டாதது ஞாபகம் வந்தது. 'மூச்சைக் கவனியுங்கள்' என்று அந்தக் குரல் சொல்லி முடிப்பதற்குள் வாட்ஸ்அப் 'டிங்' என்றது. நாள் முழுக்க மனத்தைக் கலைத்துப் போடுகிற போனிடமே போய், கொஞ்சம் அடுக்கித் தா என்று கேட்டால் எப்படி?

பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும் மரத்தடிக்கு விடிகாலை ஆறு மணிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். குளிர்ந்த மண், உள்ளங்காலில் ஒட்டும் பூ, தேன் மாதிரி லேசான ஒரு வாசனை, பட்டையில் கையை வைத்தால் சொரசொரப்பு, அதன் இடுக்கில் ஏதோ அவசர வேலையாக ஏறும் எறும்புகள், எங்கிருந்து என்றே தெரியாமல் 'ஊப் ஊப்' என்று கூப்பிடும் செம்போத்து. இதைக் கவனி என்று எந்தக் குரலும் சொல்ல வேண்டாம். காதும் மூக்கும் தோலும் தாமாக வேலைக்குப் போய்விடும், மனத்துக்கு லீவு.

ஆதாரம் கேட்டார் தம்பி. 1984-இல் ரோஜர் உல்ரிச் 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 'அவர்களும் அறைக்குள்தானே இருந்தார்கள்!' என்று தம்பி துள்ளுவது தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் படுத்தபடி கண்ணால் மட்டும் பார்த்ததற்கே அவ்வளவு என்றால், கதவைத் திறந்து போய்த் தொட்டு, முகர்ந்து, கேட்டிருந்தால்?

ஜப்பானில் 1982-இல் அரசின் வனத்துறையே இதற்கு 'ஷின்ரின் யோக்கு' என்று பெயர் வைத்தது. வனக் குளியல். சோப்பும் வேண்டாம், துண்டும் வேண்டாம், மெதுவாக நடந்தால் போதும்.

காட்டுக்கு எங்கே போவது, நேரம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டு 2019-இல் வெளியிட்டதைப் பாருங்கள்: வாரத்தில் 2 மணி நேரமாவது பூங்கா, கடற்கரை என்று இயற்கையோடு இருந்தவர்களில்தான் உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். ஒரே மூச்சில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லையாம். ரீல்ஸ் பார்க்க இதைவிட அதிக நேரம் கிடைக்கிறதே தம்பி!

கொசு கடிக்கும் என்றார். கடிக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, சரி, முடிக்கிறேன். மண்டப வாசலில் ஒரு புங்கமரம் நிற்கிறது. தீர்ப்பை அங்கே வந்து சொல்லுங்கள்.