துண்டித்தால் போதாது, புகார் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கைப்பேசியை எடுத்து ‘ஹலோ’ என்கிறீர்கள். மறுமுனையில் இரண்டு விநாடி பேச்சு மூச்சில்லை. அதன் பிறகுதான் ஒரு குரல், ‘சார், தனிநபர் கடன் வேண்டுமா?’ என்கிறது. அந்த இரண்டு விநாடி எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா?

உங்களை அழைத்தது மனிதர் அல்ல, இயந்திரம். ஒரே நேரத்தில் பல எண்களை அழைக்கும். எடுப்பவரை, அங்கே சும்மா இருக்கும் ஊழியரிடம் தள்ளிவிடும். ஆளைத் தேடும் நேரம்தான் அந்த மௌனம். சில அழைப்புகளில் ஆளே கிடையாது, பதிவு செய்த குரல் மட்டும்தான்.

எங்கள் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு நாள் அவருக்கு அப்படியொரு குரல் வந்தது. ‘வணக்கம், புறவழிச்சாலைக்கு மிக அருகில் வீட்டு மனைகள்…’ பெரியப்பா விடுவாரா? ‘எந்தப் பக்கம் அம்மா? பட்டா தனியா, கூட்டா?’ என்று கேட்டார். குரல் பாட்டுக்குத் தவணை வசதியைச் சொல்லிக்கொண்டே போனது. ‘கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்!’ என்று வகுப்பறைக் குரலில் ஒரு அதட்டல். பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார், யாரோ வீட்டுக்குள் வந்து சண்டை போடுகிறார்கள் என்று. கடைசியில், ‘மேலும் விவரங்களுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்றது குரல். அழுத்தினார். போதாதா? அன்று மாலையிலிருந்து மனைக்காரர்கள் வரிசையாக அழைக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு எண்ணையும் தடுத்தார். தடுத்த பட்டியல் மளிகைக் கணக்குபோல நீண்டது. அழைப்பு குறையவில்லை, எண்தான் மாறியது.

நான் போகும் இடமெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் கேலிக்கு ஆளாகும் விஷயம் இதுதான். எண்ணைத் தடுப்பது உங்கள் கைப்பேசிக்குள்ளேயே முடிந்துபோகிற காரியம். அழைத்தவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. புகார் அப்படியல்ல. அந்த அழைப்பு வந்த எண், தேதி, என்ன விற்றார்கள் என்று ஒரு வரி, இவற்றைக் குறுஞ்செய்தியாக 1909 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். ஏழு நாள்களுக்குள் அனுப்ப வேண்டும்.

‘ஒருவர் புகார் சொல்லி என்ன ஆகிவிடும்?’ என்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தியது. முன்பு ஏழு நாள்களில் பத்துப் புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை. இப்போது பத்து நாள்களில் ஐந்து போதும். ஐந்தே ஐந்து! ஒரு தெருவில் அவ்வளவு பேர் கிடைக்க மாட்டார்களா? முதல் தடவை பிடிபட்டால், அவர்கள் வெளியே அழைக்கும் வசதி பதினைந்து நாள்களுக்கு முடக்கப்படும். மறுபடியும் செய்தால் இணைப்புகள் எல்லாம் ஓராண்டுக்குத் துண்டிப்பு.

சட்டப்படி விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வரவேண்டும். வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600. சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து கூவிக்கூவி விற்பது விதிமீறல். விளம்பர அழைப்புக்கென்று பதிவு செய்துகொள்ளாதவர்கள் இப்படி அழைத்தால், ‘விளம்பரம் வேண்டாம்’ என்று நீங்கள் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டியதுகூட இல்லை. நேரே புகார் அனுப்பலாம். எண் 1909. எழுதிக்கொண்டீர்கள் அல்லவா? ‘விளம்பரம் வேண்டாம்’ என்று பதிந்து வைப்பதும் நல்லதுதான்; அதற்கும் இதே 1909தான்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மோசடி அழைப்புகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். ‘டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்தவும்’ என்றால் அழுத்தாதீர்கள். டிராய் விதி வகுப்பதோடு சரி; யாருடைய எண்ணையும் தானே துண்டிப்பதில்லை. நட்சத்திரக் குறியோடு 401 என்று தொடங்கும் எதையாவது அழுத்தச் சொன்னாலும் கூடாது. உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போய்விடும். பணம் பறிபோயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். அந்த நிமிடமே. வங்கி திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வணக்கம்.