மூடிய கடையும் திறந்த கல்லாவும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பள்ளி முடித்த அமெரிக்கக் கூடைப்பந்து வீரனுக்கு ஏற்றது கல்லூரி அணியா, சம்பளம் தரும் தொழில்முறை அணியா என்பது தலைப்பு. கல்லூரியே என்று முழங்கிய எதிரணித் தலைவர், உட்காருவதற்கு முன் ஒரு குண்டைப் போட்டார். "நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இக்னைட் அணியை 2024-இல் இழுத்து மூடிவிட்டார்களே! மூடிய கடைக்கா விளம்பரம்?" என்றார். பள்ளி முடித்த பையன்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆடவைத்த தொழில்முறை அணி அது. அவை சிரித்தது, நானும் சிரித்தேன். கடை ஏன் மூடியது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முன்பெல்லாம் திறமை இருந்தால் பள்ளியிலிருந்து நேரே அமெரிக்காவின் தலைசிறந்த தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போகலாம். 1995-இல் கெவின் கார்னெட் போனார், 1996-இல் கோபி பிரையன்ட், 2003-இல் லெப்ரான் ஜேம்ஸ். 2005-இல் லீக்கும் வீரர் சங்கமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. அமெரிக்கப் பையனாக இருந்தால் 19 வயது ஆகவேண்டும், பள்ளி முடித்து ஓராண்டும் கடக்கவேண்டும் என்று விதித்தன. யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்களோ, அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

அந்த ஓராண்டு அவன் எங்கே போவான்? கல்லூரிக்குப் போனான். உதவித்தொகை உண்டு, தங்க இடம் உண்டு. சம்பளம் கிடையாது, விளம்பரத்தில் நடிக்கவும் தடை. அவன் ஆடும் கல்லூரி அணிகளின் மார்ச் மாதப் போட்டித் தொடரின் ஒளிபரப்பு உரிமையோ, 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்பனையானது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்று நம் ஊரில் கேட்பார்கள். அங்கே புறங்கையை நக்கினால் ஆடும் தகுதியே போய்விடும்! தேன் முழுக்கக் கல்லூரிக்கும் பயிற்சியாளருக்கும்.

நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் ஷபாஸ் நேப்பியரைப் பாருங்கள். 2014-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குத் தேசியக் கோப்பையை வென்று தந்தவர். சில இரவுகளில் பசியோடு படுக்கப் போனதாக அந்தத் தொடரின்போதே செய்தியாளர்களிடம் சொன்னார். நாடே கேட்டது. அதே மாதத்தில், வீரர்களுக்கு வரம்பில்லாமல் சாப்பாடு போடலாம் என்று கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ முடிவெடுத்தது. சாப்பாட்டுக்கே சாம்பியன் வாய் திறக்கவேண்டியிருந்தது, நடுவர் அவர்களே!

2019 பிப்ரவரியில் டியூக் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய சயான் வில்லியம்சனின் காலணி, ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் கிழிந்தது; முழங்காலில் சுளுக்கு. அந்த ஆட்டத்தைப் பார்க்க ஒபாமாவே வந்திருந்தார். டிக்கெட் விற்றவருக்கும் ஒளிபரப்பியவருக்கும் காலணி நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருந்தது. முழங்காலுக்கு உரியவருக்குச் சம்பளம் இல்லை. அவர் தேறிவந்து முதல் இடத்தில் என்பிஏவுக்குத் தேர்வானது அவருடைய நல்ல காலம்.

"படிப்பு போய்விடுமே" என்று எதிரணிச் சகோதரி உருகினார். ஓராண்டு ஆடிவிட்டு என்பிஏவுக்குப் போகிறவன் அந்த ஓராண்டில் எந்தப் பட்டத்தை வாங்குகிறான், அம்மா? அட்லாண்டாவில் 2021-இல் தொடங்கிய ஓவர்டைம் எலைட் என்ற தொழில்முறை லீக், பள்ளி வயது வீரருக்கே ஆண்டுக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்றது. தொழில்முறை ஆட்டம் கைகூடாவிட்டால் கல்லூரிப் படிப்புக்கு இன்னொரு லட்சம் தருவதாகவும் அறிவித்தது. அங்கே ஆடிய ஆமென், ஆசர் தாம்ப்சன் இரட்டையர் 2023 டிராஃப்டில், அதாவது என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் தேர்வானார்கள்.

மாற்றுவழி எல்லாம் பூப்பாதை என்று சொல்ல நான் வரவில்லை. 2008-இல் கல்லூரிக்குப் போகாமல் இத்தாலியின் ரோம் நகர அணிக்குப் போன பிராண்டன் ஜென்னிங்ஸ் அங்கே பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் மறு ஆண்டே பத்தாவதாகத் தேர்வாகி, முதல் பருவத்திலேயே ஓர் ஆட்டத்தில் 55 புள்ளி குவித்தார். லாமெலோ பால் ஆஸ்திரேலியாவின் இல்லவாரா அணிக்கு ஆடி, காலில் அடிபட்டு, பருவத்தின் பாதியில் நின்றவர். அவரை 2020-இல் மூன்றாவதாக எடுத்தார்கள். சிறந்த புதுமுக வீரர் விருதும் வாங்கினார்.

இனி அந்த மூடிய கடை. என்பிஏவுக்கு வீரர்களைத் தயார்செய்யும் அதன் துணை லீக்கான ஜி லீக் 2020-இல் இக்னைட்டைத் தொடங்கியபோது முதலில் சேர்ந்த ஜேலன் கிரீனுக்கு ஐந்து லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. அடுத்த ஆண்டு டிராஃப்டில் அவருக்கு இரண்டாம் இடம். அதே முதல் அணியில் பஞ்சாபைச் சேர்ந்த பிரின்ஸ்பால் சிங்கும் இருந்தார் என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டோம். கடைசிப் பருவத்தில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது உண்மைதான். பத்தொன்பது வயதுப் பையன்கள் முப்பது வயது ஆட்களோடு மோதினால் வேறென்ன நடக்கும்? அப்படியும் அந்தத் தோற்ற அணியிலிருந்து ரான் ஹாலண்ட் ஐந்தாவதாகப் போனார்.

தோற்றதாலா மூடினார்கள்? இல்லை. 2021-இல் வீரர்களுக்குக் கிடைக்கும் பலன்கள் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குச் சுழியம் என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வீரன் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. பணம் கல்லூரிப் பக்கம் பாய்ந்தது. இக்னைட்டுக்கு ஆள் கிடைப்பது அரிதானது. 2025-இல் ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பின், கல்லூரியே தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் மொத்தம் 2.05 கோடி டாலர் வரை பங்கிடலாம் என்றாகிவிட்டது. நீதிமன்றத்தின் பங்கை நான் மறைக்கவில்லை. ஆனால் இளைஞனுக்குச் சம்பளம் கொடுத்தால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று கல்லூரிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கொடுத்தும் கெடாது என்று ஆடிக் காட்டியவை எங்கள் அணிகள்தாம்.

எதிரணி பெருமையோடு எடுத்துக்காட்டிய கூப்பர் ஃபிளாக், டியூக்கில் ஆடியபோதே காலணி விளம்பர ஒப்பந்தம் வைத்திருந்தவர். சயானுக்கு அதே டியூக்கில் மறுக்கப்பட்டது அது. ஃபிளாக்கை எங்கள் பக்கச் சாட்சியாகவே ஏற்றுக்கொள்கிறோம். சீருடை மட்டும் உங்களுடையது!

மணி அடித்துவிட்டீர்கள்; அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி வைத்து அமர்கிறேன். ஒருமுறை சம்பளம் வாங்கினால் கல்லூரிக் கதவு நிரந்தரமாக மூடிவிடும் என்று பயம் காட்டினீர்கள். இக்னைட்டில் சம்பளம் வாங்கிய தியரி டார்லானை 2025-இல் சான்டா கிளாரா பல்கலைக்கழகம் தன் அணிக்கு அழைத்துக்கொண்டது. அதே இக்னைட்டில் ஆடிய லண்டன் ஜான்சனை லூயிவில் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. அந்தக் கதவுக்குப் பூட்டு போட்டவர் யார், இப்போது திறந்துவிட்டவர் யார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.