தென்கடலுக்கு மேல ஒரு முஷ்டி உயரத்துல ஆயிரக்கணக்கான கேலக்ஸி: வெப் படத்தை எப்படிப் பார்க்கணும்

வணக்கம் மக்களே. நேரா ஸ்கிரீனுக்கே போயிடுவோம். இந்தப் படத்தைக் காட்டாம ஒரு வார்த்தை பேச முடியாது.

இது ஏபெல் எஸ்1063. 450 கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கிற ஒரு கேலக்ஸிக் கூட்டம், அதாவது நம்ம பால்வீதி மாதிரி நட்சத்திர மண்டலங்கள் நிறைய சேர்ந்து நிக்கிற இடம். ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் ஒன்பது ஃபில்டர் மாத்தி மாத்திப் போட்டு, மொத்தம் சுமார் 120 மணி நேரம் இந்த ஒரே இடத்தை விடாம பார்த்து எடுத்தது. 2025 மே மாசம் வெளியாச்சு. 2022 ஜூலையில வெப்லருந்து முதன்முதலா ஒரு படம் வந்ததே, ஸ்மாக்ஸ் 0723ங்கிற இன்னொரு கேலக்ஸிக் கூட்டம், அதுக்குச் செலவான நேரம் வெறும் பன்னெண்டரை மணி. அதுக்கே உலகம் வாய் பிளந்துச்சு. இது அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல. அம்மாடி, இந்த ஓரத்தைப் பாருங்க, இருட்டுன்னு ஒரு இடமே இல்ல. எங்க கர்சரை வச்சாலும் அதுக்கடியில ஒரு கேலக்ஸி கிடக்குது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இதை என் வீடியோவுல பார்த்துட்டு "பார்த்தாச்சு"ன்னு நினைக்காதீங்க. வீடியோ அப்லோட் ஆகும்போது சுருக்கிடும், சுருக்கும்போது முதல்ல காணாமப் போறது மங்கலான சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள்தான். படத்தோட உயிரே அதுலதான் இருக்கு. ஈசாவோட, அதாவது ஐரோப்பிய விண்வெளி அமைப்போட, வெப் தளத்துல ஒவ்வொரு படத்துக்கும் கீழ ஃபுல்சைஸ் ஒரிஜினல்னு இருக்கும், டிஃப் ஃபைல். வாட்ஸ்அப்ல வந்ததை வச்சு ஜூம் பண்ணாதீங்க, கட்டம் கட்டமா உடையும். ரூம் லைட்டை அணைச்சுட்டு, ஸ்கிரீன் பிரைட்னஸை முக்கால்வாசி வச்சு, 100 சதவீதத்துல ஒரு மூலையிலிருந்து மெதுவா நகர்த்துங்க. நைட் மோட் போட்டிருந்தா அணைச்சிடணும், இல்லன்னா எல்லாமே மஞ்சளாயிடும்.

சரி, எது என்னன்னு பிரிச்சுப் பார்ப்போம்.

கூரா முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு நிக்கிறது எல்லாம் நட்சத்திரம், நம்ம பால்வீதியில இருக்கிறது. வெப்போட கண்ணாடி 18 அறுகோணத் துண்டு சேர்ந்து 6.5 மீட்டர். அந்த அறுகோண விளிம்புல ஒளி சிதறுறதால ஆறு பெரிய முள்ளு வருது. முன்னாடி இருக்கிற சின்னக் கண்ணாடியைத் தாங்குற கம்பிகளால குறுக்கே ரெண்டு குட்டி முள்ளு. ஆக எட்டு. வெப்புக்கு முன்னாடி வந்த ஹப்பிள் டெலஸ்கோப் படத்துல நாலுதான் இருக்கும். முள்ளை எண்ணினாலே எந்த டெலஸ்கோப்னு சொல்லிடலாம். கேலக்ஸிக்குப் பொதுவா முள்ளு வராது, அது புள்ளியா இல்லாம பரவி இருக்கிறதால. நடுவுல கருந்துளை வெறியோட எரியுற சில கேலக்ஸிக்கு மட்டும் வரும்.

நடுவுல வெள்ளையா மங்கலாப் பரவியிருக்கிறது அந்தக் கூட்டத்தோட சொந்தக் கேலக்ஸிகள். அதைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு கோடு கோடா ஓடுது பாருங்க, அது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்ல. அதுக்கும் பின்னாடி ரொம்பத் தூரத்துல இருக்கிற கேலக்ஸிகள். கூட்டத்தோட எடை வெளியையே வளைக்கிறதால பின்னாடி வர்ற ஒளி வளைஞ்சு, இழுபட்டு, பெருசாகி நமக்கு வருது. ஒரே கேலக்ஸி ரெண்டு மூணு இடத்துல தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: கூட்டத்தோட மையத்துக்கு ரெண்டு பக்கத்துலயும் ஒரே நிறத்துல, கண்ணாடியில பார்த்த மாதிரி திருப்பிப்போட்ட உருவம் இருக்கான்னு தேடுங்க.

இப்ப ஸ்மாக்ஸ் படத்துக்கு வாங்க. இதுல ஒரு இடத்தை மட்டும் பெருசாக்குறேன், கொஞ்சம் பொறுமையா பாருங்க. நீளமா இழுபட்ட ஒரு கேலக்ஸி. அதைச் சுத்தி ஒட்டினாப்ல மஞ்சள் மஞ்சளா புள்ளி. இதுக்கு ஸ்பார்க்லர்னு பேரு வச்சாங்க. இங்கிருந்து ஒளி கிளம்பி 900 கோடி வருஷம் ஆச்சு. 2022லயே ஒரு குழு இந்தப் புள்ளிகள்ல 12ஐ அளந்து பார்த்து, அதுல 5 கோளக் கொத்துகளா இருக்கலாம்னு சொன்னாங்க. கோளக் கொத்துன்னா லட்சக்கணக்கான நட்சத்திரம் உருண்டையா நெருக்கி அடைஞ்சு கிடக்கிறது. பிரபஞ்சத்துக்கே இப்ப இருக்கிற வயசுல மூணுல ஒரு பங்குதான் ஆகியிருந்தப்ப, அப்பவே வயசான கொத்து! முன்னாடி இருக்கிற கூட்டம் லென்ஸா நின்னு பெருசாக்கிக் கொடுக்கலைன்னா வெப்பாலயும் இதைப் பிரிச்சுப் பார்த்திருக்க முடியாது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இந்த மஞ்சள் புள்ளிகிட்ட வந்ததும் கை நின்னுடுது.

அடுத்து சிவப்புப் புள்ளி. "சிவப்பா இருந்தா ரொம்பத் தூரம்"னு எல்லாரும் சொல்றாங்க, அது பாதிதான் சரி. தூசி நிறைஞ்ச பக்கத்துக் கேலக்ஸியும் சிவப்பாத்தான் தெரியும். அப்ப எப்படிப் பிரிக்கிறாங்க?

ஹைட்ரஜன் வாயு 0.1216 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) கீழ அலைநீளம் இருக்கிற ஒளியை விழுங்கிடும். பிரபஞ்சம் விரிய விரிய அந்த வெட்டுக்கோடு சிவப்புப் பக்கம் நகரும். மாம்-இசட்14னு ஒரு கேலக்ஸி 2025ல அறிவிச்சாங்க, ரெட்ஷிஃப்ட் 14.44. பிரபஞ்சம் விரிஞ்சதுல ஒளியோட அலை எவ்வளவு இழுபட்டிருக்குன்னு சொல்ற எண் அது. அப்ப அந்த வெட்டு எங்க வரும்? 1 கூட்டி 15.44, அதை 0.1216ஆல பெருக்குங்க, 1.88 மைக்ரான். ஆக எஃப் 150 டபிள்யூ ஃபில்டர்ல (1.5 மைக்ரான் பக்கத்து ஒளியை மட்டும் விடுறது, மத்த எண்ணும் இதே கணக்குதான்) ஒண்ணுமே இருக்காது, எஃப் 200 டபிள்யூல மங்கலா வரும், எஃப் 277 டபிள்யூல பளிச்சுன்னு வரும். ஒரு ஃபில்டர்ல இல்லாம அடுத்ததுல திடீர்னு முளைச்சா அதுதான் தடயம். ஹப்பிள் கேமரா 1.7 மைக்ரானோட நின்னுடும், அதனால அதுக்கு இந்தக் கேலக்ஸி தெரியவே வாய்ப்பில்ல. இந்த ஒளி கிளம்பினப்ப பெருவெடிப்பு நடந்து 28 கோடி வருஷம்தான். பிரபஞ்சத்தோட வயசு 1380 கோடி. யோசிச்சுப் பாருங்க மக்களே, நூத்துக்கு ரெண்டு பங்கு வயசுல எடுத்த போட்டோ இது.

ஆனா இந்தத் தடயம் ஏமாத்தவும் செய்யும். சீர்ஸ் 93316னு ஒரு கேலக்ஸி. 2022ல படத்தை மட்டும் வச்சு ரெட்ஷிஃப்ட் 16க்கு மேலன்னு கணிச்சாங்க. 2023ல நிறமாலை எடுத்தா, அதாவது ஒளியை அலை அலையாப் பிரிச்சு அளந்தா, வெறும் 4.9. தூசி ஒரு பக்கம், சூடான வாயு சில ஃபில்டர்ல மட்டும் தூக்கலா ஒளிர்ந்தது இன்னொரு பக்கம், ரெண்டும் சேர்ந்து தூரத்துக் கேலக்ஸி மாதிரியே காட்டிடுச்சு. அதனால "உலக சாதனை கேலக்ஸி"ன்னு செய்தி வந்தா ஒண்ணே ஒண்ணு பாருங்க: நிறமாலை எடுத்தாச்சா இல்லையா? எடுக்கலைன்னா அது கணிப்பு, அவ்வளவுதான்.

நீங்களே படம் செஞ்சு பார்க்க ஆசைன்னா, தாராளமா செய்யலாம், காசே இல்ல. மாஸ்ட்னு இணையத்துல ஒரு ஆவணக் காப்பகம், டெலஸ்கோப் எடுத்த படங்களை யார் வேணும்னாலும் இறக்கலாம். ஸ்மாக்ஸ் படத்தோட புரோக்ராம் எண் 2736. அதைப் போட்டுத் தேடி, வெப்போட நிர்கேம் கேமரா, லெவல் 3 (தனித்தனி ஷாட்டை எல்லாம் சேர்த்து முடிச்ச படம்) தேர்ந்தெடுத்து, பேரு ஐ2டின்னு முடியுற ஃபிட்ஸ் ஃபைல்களை (வானியல் படத்துக்கான ஃபைல் வகை) எடுங்க. ஃபைல் ரொம்பப் பெருசு, மொபைல் டேட்டாவுல முயற்சி பண்ணாதீங்க. மொத்தம் ஆறு ஃபில்டர்: 090, 150, 200, 277, 356, 444. திறக்க சிரில் இல்லன்னா ஃபிட்ஸ் லிபரேட்டர்னு ஒரு சாஃப்ட்வேர் வேணும், ரெண்டும் இலவசம். திறந்ததும் எல்லாம் கருப்பாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. நட்சத்திரத்துக்கும் மங்கலான கேலக்ஸிக்கும் வெளிச்சத்துல அவ்வளவு வித்தியாசம். ஏசின்ஹ் ஸ்ட்ரெச்னு மங்கலானதைத் தூக்கிக் காட்டுற ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போட்டதும் மேல எழும்பி வரும். அப்புறம் 090ம் 150ம் நீலம், 200ம் 277ம் பச்சை, 356ம் 444ம் சிவப்பு. சின்ன அலை நீலம், பெரிய அலை சிவப்பு, அந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்டுக்கு இப்படித்தான் நிறம் கொடுக்கிறாங்க. இஷ்டத்துக்குப் பூசின சாயம் இல்ல.

பெரும்பாலானவங்க மாட்டிக்கிறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, சின்ன அலை ஃபைலும் பெரிய அலை ஃபைலும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காராது. சின்ன அலையில ஒரு பிக்ஸல் 0.031 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்), பெரிய அலையில 0.063. பெரிய அலைப் படத்தை ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடப் பெருசாக்கி, மூணு நட்சத்திரத்தை வச்சு ஒட்டவைக்கணும். இல்லன்னா ஒவ்வொரு கேலக்ஸிக்கும் ஓரத்துல சிவப்பு நிழல் விழும். ரெண்டு, பளிச்சுன்னு இருக்கிற நட்சத்திரத்தோட மையத்துலயே கருப்பா ஓட்டை. ஏதோ புதுசா கண்டுபிடிச்சிட்டோம்னு துள்ள வேண்டாம். வெளிச்சம் அளவுக்கு மீறிப் போனதால அந்த பிக்ஸலோட கணக்கை விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

ஸ்மாக்ஸ் 0723ங்கிற பேர்லயே விலாசம் இருக்கு. முழுப் பேரு 0723.3 மைனஸ் 7327. வலது ஏற்றம் (வானத்தோட தீர்க்கரேகை மாதிரி) 7 மணி 23 நிமிஷம், வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 73 டிகிரி 27 நிமிஷம். பறக்கும் மீன்ங்கிற நட்சத்திர மண்டலம். டெல்லிக்காரங்களுக்கு அந்த இடம் எந்தக் காலத்துலயும் உதிக்காது. நம்ம ராமநாதபுரம் கரை 9 டிகிரி வடக்குல இருக்கு, அதனால தென்கடல் விளிம்புக்கு மேல 7 டிகிரி வரைக்கும் எழும்பி வரும். கையை நீட்டி முஷ்டியைப் பிடிச்சா 10 டிகிரி. ஒரு முஷ்டிக்கும் கீழ!

பிப்ரவரி நடுவுல, நிலா இல்லாத ராத்திரி, 9 மணி. தெற்கே பார்த்து நில்லுங்க. பளிச்சுன்னு வெள்ளையா அகத்திய நட்சத்திரம், கனோபஸ், மூணு முஷ்டி உயரத்துல இருக்கும். அதுலருந்து நேரா ரெண்டு முஷ்டி கீழ இறங்குங்க. அங்கிருந்து அரை முஷ்டி இடது பக்கம். அதுதான் அந்த இடம். பைனாகுலர் வச்சாலும் அங்க ஒண்ணும் தெரியாது. கை நீட்டிப் பிடிச்ச ஒரு மணல் துகள் மறைக்கிற அளவு வானம், அதுக்குள்ள ஆயிரக்கணக்கான கேலக்ஸி. அங்கிருந்து கிளம்பின ஒளிக்கு 460 கோடி வயசு, நம்ம சூரியன் உருவான காலம் அது.

கண்ணுக்கு ஏதாவது தெரியணும்னா கனோபஸ்லருந்து இறங்கின அதே கோட்டுலருந்து வலது பக்கம் அரை முஷ்டி போங்க, விளிம்புலருந்து ஒரு முஷ்டி உயரம். பெரிய மெகல்லன் மேகம். அதுவும் ஒரு கேலக்ஸிதான், சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு. அவ்வளவு தாழ்வா இருக்கிறதால தடிமனான காத்தும் கடல் ஈரப்பதமும் சேர்ந்து பாதிக்கு மேல வெளிச்சத்தைத் தின்னுடும். அதனால 10க்கு 50 பைனாகுலர் வேணும். மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள் நல்லாத் தெரியும்.

இடம் முக்கியம். தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் வடகடல், கிழக்கே பார்த்த கரை, இதுக்கு ஆகாது. தெற்கு திறந்து கிடக்கணும். சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் போங்க. தனுஷ்கோடிக்குப் பொழுது சாஞ்சா விடமாட்டாங்க, அங்க போய் வாக்குவாதம் பண்ணாதீங்க.

ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, கடல்ல வெளிச்சம் குறையும். அந்த மாசங்கள்ல தெற்கே மூணரை முஷ்டி உயரத்துல ஒமேகா சென்டாரி, வெறும் கண்ணுக்கே மங்கின நட்சத்திரமா தெரியும். ஸ்பார்க்லரைச் சுத்தி இருந்ததே கோளக் கொத்து, அதே வகைதான். அதுக்கு அரை முஷ்டி மேல சென்டாரஸ் ஏ கேலக்ஸி, இதுக்கு பைனாகுலர். மே நடுவுல ராத்திரி 10 மணி வாக்குல ரெண்டும் தெற்கே இருக்கிறதுலயே அதிக உயரத்துல நிக்கும். மே கடைசிக்குள்ள பார்த்துடுங்க, கச்சான் காத்து பிடிச்சா மணல் பறந்து கண்ணைத் திறக்க விடாது.

அப்புறம் லென்ஸ். ஏசி கார்லருந்து எடுத்த உடனே பைனாகுலரைத் திறந்தா உப்புக்காத்து ஈரம் அப்படியே படிஞ்சு பனி மூடிடும். அரை மணி நேரம் பையை மூடின மேனிக்கு வெளிய வச்சுட்டு அப்புறம் திறங்க. திரும்பி வந்ததும் சட்டை நுனியால துடைக்காதீங்க, உப்பும் மணலும் சேர்ந்து கோட்டிங்கைக் கீறிடும். முதல்ல ஊதுபந்தால ஊதணும், அப்புறம் லென்ஸ் திரவத்துல நனைச்ச டிஷ்யூவால நடுவுலருந்து வெளிப்பக்கம் மெதுவா எடுக்கணும். டப்பாவுல ரெண்டு சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க, மாசம் ஒரு தடவை மாத்துங்க.