டேப்ல எல்லாம் சரியா சொல்றான், வீட்டுல ஏன் புரிய மாட்டேங்குது?

அடுத்த கேள்வி திருமங்கலத்துல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. பையனுக்கு 7 வயசு, ஆட்டிசம் இருக்கு, வாக்கியமா பேசுறான். முகத்தைப் பார்த்து சந்தோசமா, கோபமா, பயமான்னு சொல்ற ஆப் ஒண்ணை டேப்ல போட்டுக் குடுத்திருக்காங்க. எல்லாத்தையும் டக்கு டக்குனு சரியா அமுக்கிடுறானாம். ஆனா தங்கச்சி பக்கத்துல உக்காந்து அழுதாலும் அவனுக்கு உறைக்கல. "இதைவிடப் பெரிய ஆப் வாங்கணுமா?"ன்னு கேட்டிருக்காங்க.

வேணாம்மா, காசு செலவு பண்ணாதீங்க. இது ஆப்போட தரத்துல வர்ற பிரச்சனை இல்ல. திரையில கத்துக்கிட்டது திரையோடயே நின்னுடுறதுதான் பிரச்சனை. அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு பிள்ளைக்குப் புரியுதான்னு சோதிக்கிற சாலி-ஆன் கதை கேள்விப்பட்டிருப்பீங்க. சாலி ஒரு கோலிக்குண்டைக் கூடையில வச்சுட்டு வெளிய போயிடுறா. ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள்ள மாத்தி வச்சிடுறா. சாலி திரும்பி வந்தா எங்க தேடுவா? மாத்தினதை அவ பார்க்கல, அதனால கூடையிலதான். 1985ல பரோன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைங்ககிட்ட இதைக் கேட்டப்ப, 16 பேர் பெட்டியைத்தான் காட்டினாங்க. 1996ல ஸ்வெட்டன்ஹாம் இதே கதையைக் கம்ப்யூட்டர்ல போட்டுச் சொல்லிக் குடுத்துப் பார்த்தார். பிள்ளைங்க கத்துக்கிட்டாங்க. ஆனா அதே விஷயத்தை வேற விதமாக் கேட்டதும் நின்னுட்டாங்க. பின்னாடி கேம்பிரிட்ஜ்ல இருந்து 'மைண்ட் ரீடிங்'னு ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு, 412 உணர்ச்சிகள், வீடியோவும் குரலுமா. அதை ஆட்டிசம் உள்ள பெரியவங்க 10 வாரம் பயன்படுத்தியும், சொல்லிக் குடுத்த முகங்கள்ல தேறினாங்களே தவிர, சினிமாக் காட்சி மாதிரி புதுசா வந்தா பெரிய முன்னேற்றம் இல்ல.

ஏன்னா, டேப்ல ஒரே ஒரு முகம், நேரா பார்க்குது, கீழ நாலு பதில், அவசரமே இல்ல. எல்லாத்துக்கும் மேல, ஆப் கேள்வி கேக்குது. வீட்டுல பாப்பா அழும்போது மிக்ஸி ஓடுது, குக்கர் விசில் அடிக்குது, பாப்பா முகத்தைக் கையால மூடியிருக்கா, "இவ எப்படி இருக்கா, நாலுல ஒண்ணை அமுக்கு"ன்னு யாரும் சொல்றதில்ல.

முதல்ல அவன் எதைப் பார்த்து அமுக்குறான்னு கண்டுபிடிங்க. சட்டைக் கலர், பின்னாடி இருக்கிற சுவர், பதில் வர்ற இடம், இதை எல்லாம் இந்தப் பிள்ளைங்கள்ல சில பேர் நல்லா ஞாபகம் வச்சுக்குவாங்க. முகத்து மேல சின்ன பேப்பர் ஒட்டிப் பாருங்க. அப்பவும் சரியா அமுக்குனா, அவன் முகத்தைப் படிக்கவே இல்ல. இன்னொண்ணு, தப்பா அமுக்குனா வேடிக்கையா சத்தம் போடுற ஆப்கள் இருக்கு. அந்தச் சத்தத்துக்காகவே வேணும்னு தப்பை அமுக்குவாங்க. சவுண்டை அணைச்சிருங்க. ஆப்ல 'மகிழ்ச்சி'ன்னு எழுதியிருந்தாலும் வீட்டுல பேசுற 'சந்தோசம்' தான் நீங்க சொல்லணும்.

அடுத்து உங்க வீட்டையே ஸ்லைடாக்குங்க. ஃபோன்ல படம் எடுத்து பவர்பாயிண்ட்லயோ கூகுள் ஸ்லைட்ஸ்லயோ போட்டாப் போதும், ஒரு கதைக்கு 6 படம். ஒண்ணு, அப்பா பைக் சாவியை ஆணியில மாட்டுறாரு. ரெண்டு, குளிக்கப் போறாரு. மூணு, அம்மா சாவியை எடுத்து டிவி பக்கத்துல இருக்கிற டப்பால போடுறாங்க. நாலு, அப்பா துண்டோட வர்றாரு. இங்க நிறுத்திக் கேளுங்க: "அப்பா சாவியை முதல்ல எங்க தேடுவாரு?" அந்த 'முதல்ல'ங்கிறதை விட்றாதீங்க. "எங்க தேடுவாரு"ன்னு மட்டும் கேட்டா, எங்க தேடுனா கிடைக்கும்னு கேக்குறதா எடுத்துக்கிட்டு டப்பாவைச் சொல்லலாம். கூடவே ரெண்டு கேள்வி: சாவி இப்ப நிஜமா எங்க இருக்கு? அப்பா மாட்டும்போது எங்க மாட்டுனாரு? இதுல தப்பு வந்தா கதையே மனசுல நிக்கல, அதைத்தான் முதல்ல சரி பண்ணணும். அஞ்சாவது படம், அப்பா தலைக்கு மேல எண்ணக் குமிழி, அதுக்குள்ள ஆணியில தொங்குற சாவி. குமிழிக்குள்ள இருக்கிற படம் வேற, டப்பாவுக்குள்ள இருக்கிற சாவி வேறன்னு கண்ணால பார்க்கிறப்பதான் விஷயம் பிடிபடும். ஆறாவதுல அப்பா வெறும் ஆணியைத் தடவுறாரு.

இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. எல்லாக் கதையிலயும் விடை பழைய இடமாவே இருந்தா, பிள்ளை மனசைப் பத்தி யோசிக்காது, "முதல்ல வச்ச இடத்தைச் சொன்னா சரி"ன்னு ஒரு குறுக்கு வழி பிடிச்சுக்கும். அதனால பாதிக் கதையில அம்மா சாவியை மாத்தும்போது அப்பா கதவோரமா நின்னு பார்த்துட்டு இருக்கட்டும். அப்ப விடை டப்பா. ரெண்டையும் கலந்து காட்டுங்க.

இதுக்கு முந்தின படி ஒண்ணு இருக்கு, கடையில கிடைக்கிற ஆப்கள்ல பலதும் அதைத் தாண்டிக் குதிச்சிடும்: பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு டப்பாவுக்குள்ள முறுக்கை வச்சு, பாட்டி மட்டும் திறந்து பார்க்கணும், அப்பா பார்க்கக் கூடாது. "உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" அதுல தடுமாறுனா சாவிக் கதைக்குப் போகாதீங்க.

புத்தகத்துல இருக்கிற இன்னொரு சோதனை, மிட்டாய் டப்பாவுக்குள்ள பென்சில். அதை நம்ம வீட்டுல பூஸ்ட் பாட்டிலை வச்சுச் செஞ்சா ஒண்ணும் தெரியாது. நம்ம ஊர்ல பூஸ்ட் பாட்டிலுக்குள்ள பூஸ்ட் இருக்கிற வீடு எது? கடுகுதான் இருக்கும், பிள்ளைக்கும் அது தெரியும். புதுசா வாங்குன ஜெம்ஸ் பாக்கெட்டை ஓரமாப் பிரிச்சு, உள்ள பட்டனைப் போட்டு மூடிக் குடுங்க. திறந்து காட்டிட்டு மறுபடி மூடி, "பாப்பா இன்னும் பார்க்கல, உள்ள என்ன இருக்குன்னு சொல்லுவா?"ன்னு கேளுங்க.

டேப் நேரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் போதும். காலையில ஸ்லைடுல பார்த்ததைச் சாயங்காலம் நிஜச் சாவியை வச்சே நடத்திக் காட்டணும். அப்புறம் பொருள் மாறணும், இடம் மாறணும், ஆளும் மாறணும்: செருப்பு, பாட்டியோட மூக்குக் கண்ணாடி, ஃப்ரிட்ஜ்ல வச்ச மல்லிப்பூ. குரலுக்குத் தனியா, "சாப்பிட வா"ங்கிற ஒரே வாக்கியத்தை வீட்டுல நாலு பேர் கோபமா, செல்லமா, அலுப்பா, பயந்த மாதிரி பேசி ரெக்கார்ட் பண்ணி, முகம் இல்லாம கேக்க விடுங்க.

அவசரம் வேணாம். மத்த பிள்ளைங்க நாலு வயசுவாக்குல தேறுற இந்தச் சாலி-ஆன் மாதிரி சோதனையில, ஆட்டிசம் உள்ளவங்க பாதிப் பேராவது தேறுறதுக்கு ஒம்பது வயசுக்கு உண்டான மொழித் திறன் வேண்டியிருக்குன்னு 1995ல ஆராய்ச்சியாளர் ஹாப்பே எழுதுனாங்க. முகத்தைப் பாரு, கண்ணைப் பாருன்னு தாடையைப் பிடிச்சுத் திருப்பவே கூடாது. ஆட்டிசம் ஆராய்ச்சியாளர் டேமியன் மில்டன் 2012ல சொன்னதையும் யோசிங்க, புரியாமை ரெண்டு பக்கமும் இருக்கு. அண்ணன் காதைப் பொத்துனா அது கோபம் இல்ல, சத்தம் தாங்கலன்னு பாப்பாவுக்கும் சொல்லிக் குடுங்க.

கடைசியா, பாப்பா அழுறது அவனுக்குத் தெரியலன்னு நீங்க முடிவு கட்ட முடியாது. தெரிஞ்சும் என்ன செய்யணும்னு தெரியாம உக்காந்திருக்கலாம். அதைச் சொல்லிக் குடுக்கிறது வேற வேலை. ரெண்டே ரெண்டு செயல் போதும்: தண்ணி கொண்டு போய்க் குடுக்கிறது, இல்லன்னா "அம்மா, பாப்பா அழுறா"ன்னு வந்து சொல்றது. நீங்க கேக்காம அவனா செஞ்ச நாளை மட்டும் காலண்டர்ல குறிச்சு வைங்க. ஆப் காட்டுற மார்க்கைக் குறிக்க வேண்டாம்.