விண்வெளி உடை ஏன் இப்படி விறைத்து நிற்கிறது?

"விண்வெளி உடையை நன்றாக இழுபடும் துணியில் தைத்தால் வீரர்கள் சுலபமாகக் கை காலை அசைக்கலாமே?" என்று ஒரு பள்ளி மாணவி கேட்டிருக்கிறார். படித்ததிலிருந்து இதுவேதான் மனதில் ஓடுகிறது. அருமையான கேள்வி.

துணியின் மேல் பழி போடாதீர்கள். வில்லன் உள்ளே இருக்கும் காற்று. விண்வெளி வெற்றிடம், உடைக்கு வெளியே காற்றழுத்தமே கிடையாது. அதனால் உடைக்குள் ஆக்சிஜனை நிரப்புகிறார்கள். அமெரிக்க உடையில் அது நம் வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 30 சதவீதம். நீளமான பலூனை ஊதி நடுவில் மடக்கிப் பாருங்கள். மடங்கும் இடத்தில் கொள்ளளவு குறையும், காற்று நெரிபடும், விட்டதும் படக்கென்று நிமிரும். முழங்கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் வீரர் இந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். சும்மா இழுபடும் துணி என்றால் உடை இன்னும் உப்பிவிடும்.

1965 மார்ச் 18 அன்று சோவியத் விண்வெளி வீரர் அலெக்சி லியோனோவுக்கு இதுதான் நடந்தது. விண்கலத்துக்கு வெளியே முதன்முதலில் மிதந்தவர் அவர். இருந்தது சுமார் 12 நிமிடம். அதற்குள் உடை உப்பி, விரல்கள் கையுறையின் நுனியை விட்டு விலகிவிட்டன. வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் உள்ளே நுழைய முடிந்தது. எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

அப்புறம் நிலவுக்குப் போன அமெரிக்க அப்பல்லோ வீரர்களின் உடையில் முழங்கை, முழங்காலில் மடிப்பு மடிப்பான ரப்பர் மூட்டு வைத்தார்கள். ஒரு பக்கம் மடிப்புகள் சுருங்கும்போது மறுபக்கம் விரியும். மூட்டு நீளாமல் இருபுறமும் கம்பி வடம் பிடித்துக்கொள்ளும். கொள்ளளவு பெரிதாக மாறாது. மறுபடியும் சொல்கிறேன், கவனிக்க வேண்டியது துணியை அல்ல, கொள்ளளவை.

ஆனால் என்னைக் கேட்டால், விரல்களைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். அத்தனை சின்ன மூட்டுகளில் இந்த வித்தையை எங்கே செய்வது? மணிக்கணக்கில் கருவியைப் பிடித்துப் பிடித்து நகமே கழன்றுபோன வீரர்கள் இருக்கிறார்கள்.

சரி, இழுபடும் துணிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டாவா நியூமன் குழு உருவாக்கிய பயோசூட்டில் தலைக்கவசத்துக்குள் மட்டும்தான் ஆக்சிஜன். உடம்பைத் துணியே இறுக்கி அழுத்தும். அமெரிக்க மருத்துவர் பால் வெப் 1960களிலேயே முயன்ற வழி இது. சிக்கல் என்னவென்றால், உள்ளங்கைக் குழியில் துணி ஒட்டாவிட்டால் அங்கே அழுத்தம் கிடைக்காது, சதை வீங்கிவிடும். அந்த உடையை இன்னும் யாரும் விண்வெளியில் அணிந்து பார்க்கவில்லை.