மோனோவை: ஒரே ஒருவர் குடியிருந்த ஊர்

(திரையில்: நெப்ராஸ்கா மாநில வரைபடம்)

வணக்கம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடக்கு எல்லையை ஒட்டி பாய்ட் கவுண்டி இருக்கிறது. அங்கேதான் மோனோவை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊரில் இருந்தவர் ஒரே ஒருவர், எல்சி ஐலர்.

1902-இல் ரயில் பாதை இந்தப் பக்கம் நீண்டபோது உருவான ஊர் இது. 1930-களில் சுமார் 150 பேர் இருந்தார்கள். மளிகைக் கடைகள், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. அப்புறம் இயந்திரங்கள் வந்தன, பண்ணைகள் பெரிதாகின, வயலில் ஆள் தேவை குறைந்தது. பிள்ளைகள் பிழைப்பு தேடி நகரங்களுக்குப் போனார்கள். 1967-இல் தபால் நிலையத்தை மூடினார்கள். 1974-இல் பள்ளிக்கூடமும் போயிற்று. 2000-இல் மிஞ்சியது எல்சியும் கணவர் ரூடியும்தான். 2004-இல் ரூடி காலமானார்.

(திரையில்: இடிந்து சாய்ந்த மர வீடுகள், புல் மண்டிய தெரு)

எல்சி ஊரைவிட்டுப் போகவில்லை. மேயர், எழுத்தர், பொருளாளர், நூலகர் எல்லாம் அவரே. ஆண்டுதோறும் சாலைத் திட்டம் எழுதி மாநில அரசுக்கு அனுப்புவார். அனுப்பினால்தான் ஊருக்கான சாலை நிதி வரும். நாலு தெருவிளக்கு எரிவதற்கான வரியைத் தன்னிடமே வசூலிப்பார். தன் கடைக்கான மது உரிமத்துக்கு விண்ணப்பிப்பவரும் அவர், ஊர் சார்பில் அதற்கு ஒப்புதல் தருபவரும் அவர். விசித்திரச் செய்தியாக இதைப் பலரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இது பெரிய உழைப்பாகத் தெரிகிறது. வீடுகள் விழுந்த பிறகும் மோனோவை சட்டப்படி ஓர் ஊராக நீடித்தது இந்தக் காகித வேலையால்தான்.

2020 கணக்கெடுப்பு இன்னொரு கூத்து. மோனோவையில் 2 பேர் என்று வந்தது! தனிநபர் விவரம் வெளியே தெரியாமல் இருக்க, சிறிய இடங்களின் எண்களைக் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி வெளியிடுகிறது. அப்படி முளைத்தவர்தான் அந்த இரண்டாவது ஆள்.

(திரையில்: எல்சியின் மதுவும் உணவும் விற்கும் கடையான மோனோவை டேவர்ன், முன்னால் நிற்கும் பிக்கப் வண்டிகள்)

சரி, ஒருவருக்காக ஒரு கடையா? இல்லை. எல்சியும் ரூடியும் 1971 முதல் நடத்திய இந்த டேவர்ன், சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் பர்கர் சாப்பிட்டு, பீர் குடித்து, ஊர்க்கதை பேசும் இடம். பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டடத்தில் ரூடி சேர்த்த சுமார் 5,000 புத்தகங்கள். பொது நூலகம் வேண்டும் என்பது ரூடியின் ஆசை. அவர் போன பிறகு, அவர் பெயரிலேயே எல்சி அதைத் திறந்தார்.